பெயர் கேட்ட நால்வர்

நூலொன்றைக் கையில் எடுப்பவர் அதன் முகப்பில் இரு பெயர்களைக் காண்பர். ஒன்று எழுதிய ஆசிரியரின் பெயர். மற்றொன்று அச்சிட்டு வெளியிட்ட பதிப்பகத்தின் பெயர். இசைத்தட்டிலும் அவ்வாறே. பாடியவர் பெயர் ஒருபுறமிருக்க, தட்டை வெளியிட்ட கம்பெனியின் முத்திரையும் அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். ஆக்குவோன் ஒருவன், அவ்வாக்கத்துக்கு முதலிட்டுச் சந்தைக்குக் கொணர்வோன் மற்றொருவன் என்னும் வேற்றுமையை உலகம் நெடுங்காலமாக ஒப்புக்கொண்டுள்ளது. இவ்விருவருக்குமிடையே பூசல் எழுவதும் புதிதன்று. ஆயின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே தோன்றிய வீடியோ விளையாட்டுத் தொழிலில், தொடக்கத்தில், முகப்பிலே ஒரு பெயரே இருந்தது. அது கம்பெனியின் பெயர். இந்நிலையை மாற்றியோர் நால்வர். அந்நால்வரும் சேர்ந்து உருவாக்கிய கம்பெனியே, முப்பது ஆண்டுகளின் பின்னர், தன்னிடம் பணிபுரிந்த ஆக்குநரின் பங்கை மறுத்தது என்னும் குற்றச்சாட்டுடன் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது. இவ்விரு வரலாறுகளும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை.

1972ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா மாநிலத்தில் நோலன் புஷ்னெல், ரெட் டாப்னி என்னும் இருவர் அட்டாரி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 'பொங்' என்னும் எளிய பந்தாட்டம் அதன் புகழை நாடெங்கும் பரப்பியது. 1976ஆம் ஆண்டிலே வார்ணர் கொமியூனிக்கேஷன்ஸ் என்னும் பெருநிறுவனம் அட்டாரியை 28 மில்லியன் டொலருக்கு விலைக்கு வாங்கிற்று. இந்த வார்ணர் நிறுவனம் திரைப்படங்களையும் இசைத்தட்டுகளையும் வெளியிட்டுப் பெரும்பொருள் ஈட்டியது என்பதை நேயர்கள் நினைவில் இருத்துதல் நன்று. பாடகருக்கும் நடிகருக்கும் பெயரும் பங்கும் கொடுத்துப் பழகிய வீடு அது.

1977ஆம் ஆண்டிலே அட்டாரி, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ஆடத்தக்க இயந்திரமொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. விளையாட்டுகள் அவ்வியந்திரத்தினுள்ளே நிலையாக அமைந்தவை அல்ல. கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பேழையொன்றைச் செருகினால் ஒரு விளையாட்டு. அதனைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் வேறொரு விளையாட்டு. ஆகவே இயந்திரத்தை ஒருமுறை வாங்கியவர் பேழைகளைப் பன்முறை வாங்குவர். கம்பெனியின் இலாபம் பேழையிலேயே தங்கியிருந்தது.

அப்பேழையினுள் இருந்த நிரலை எழுதுதல் எளிய தொழிலன்று. அவ்வியந்திரத்தின் நினைவகம் 128 பைற் அளவினது. கைத்தொலைபேசியிற் செல்லும் குறுஞ்செய்தி ஒன்றின் அளவுக்கும் அது குறைவு. திரை முழுவதற்குமான படத்தை அதிலே வைத்திருக்க இயலாது. தொலைக்காட்சித் திரையில் ஒளிக்கதிர் கோடு கோடாக ஓடுகையில், ஒவ்வொரு கோட்டிலும் எது தோன்றவேண்டும் என்பதை, அந்தக் கோடு வரையப்படும் கணத்திலேயே நிரல் இயந்திரத்துக்குச் சொல்லுதல் வேண்டும். கணக்கு ஒரு சிறிது பிசகினும் படம் குலைந்துவிடும். விளையாட்டின் கருத்து, சித்திரம், ஒலி, நிரல் ஆகிய நான்கையும் ஒருவரே தனித்திருந்து பல மாதங்கள் உழைத்து ஆக்கினார். எனவே ஒவ்வொரு பேழையும் தனியொருவரின் ஆக்கம் என்றே கொள்ளத்தக்கது. ஆயினும் பேழையின் மேலட்டையில் அவர் பெயர் இல்லை. பெயர் வெளிப்பட்டால் போட்டிக் கம்பெனிகள் அவரைக் கவர்ந்து சென்றுவிடும் என்னும் அச்சமும் இதற்கு ஒரு காரணமாகும்.

1978ஆம் ஆண்டின் இறுதியில் றே கஸார் என்பவர் அட்டாரியின் தலைமைப் பதவியை ஏற்றார். அவர் அதற்கு முன்னர் பேர்லிங்டன் என்னும் பெரிய நெசவுத் தொழில் நிறுவனத்திலே நெடுங்காலம் பணிபுரிந்தவர். விற்பனையையும் விளம்பரத்தையும் நன்கு அறிந்தவர். அக்காலத்தில் விற்பனைப் பகுதியினர் ஒரு தாளை நிரலாளரிடையே சுற்றுக்கு விட்டனர். எந்த விளையாட்டு எத்தனை வீதம் விற்பனையாயிற்று என்பதை அத்தாள் காட்டியது. நன்கு விற்பனையாகும் வகையைச் சேர்ந்த விளையாட்டுகளை மேலும் ஆக்குக என்பதே அதன் நோக்கம். ஆயின் அதனைக் கண்ட டேவிட் கிரேன், லரி கப்லன், அலன் மில்லர், பொப் வைற்ஹெட் என்னும் நால்வர் வேறொரு கணக்கைப் போட்டனர். கிரேன் பிற்காலத்தில் கூறியவாறு, அவ்வாண்டிலே நிகழ்ந்த ஏறத்தாழ 100 மில்லியன் டொலர் விற்பனையில் 60 வீதம் வரை தம் நால்வருடைய விளையாட்டுகளாலேயே வந்தது என்பதை அவர்கள் உணர்ந்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் பெற்ற ஆண்டுச் சம்பளமோ 30,000 டொலருக்கு மேற்பட்டதன்று.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம் முதுமொழி. இங்கே மிச்சம் இல்லாமற் போகவில்லை. மிச்சம் ஏராளமாக இருந்தது. அது சென்ற இடமே வேறு.

1979ஆம் ஆண்டிலே நால்வரும் கஸாரைச் சந்தித்தனர். அவர்கள் கேட்டவை இரண்டு. பேழையின்மீது ஆக்கியோன் பெயர் இடம்பெறவேண்டும் என்பது ஒன்று. இசைத்தட்டு விற்பனையிற் பாடகர் பெறுவதுபோல, விற்பனையாகும் ஒவ்வொரு பேழைக்கும் சிறு உரிமைத்தொகை வேண்டும் என்பது மற்றொன்று. கஸார் இரண்டையும் மறுத்தார். விளையாட்டை ஆக்குவோரும், தொழிற்சாலையிலே பேழையைப் பொருத்துவோரும் விற்பனைக்கு ஒரே அளவிலேயே உதவுகின்றனர் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்ததாகக் கிரேன் பின்னர்ப் பலமுறை கூறியுள்ளார்.

கஸாரின் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் நீதியாகும். இயந்திரத்தை வடிவமைத்தது கம்பெனி. தொழிற்சாலையை நடத்தியது கம்பெனி. விளம்பரத்துக்குச் செலவிட்டது கம்பெனி. விளையாட்டு விற்பனையாகாது தேங்கினால் நட்டம் கம்பெனியுடையது. நிரலாளரின் சம்பளம் குறைவதில்லை. அவருடைய ஆட்சியிலே அட்டாரியின் விற்பனை பன்மடங்கு பெருகியதும் மெய்யே. ஆயின், ஒரு வடிவத்தை நெய்தவர் சென்றால் அதனை மற்றொருவர் நெய்வார் என்னும் நெசவாலைக் கணக்கு இத்தொழிலுக்குப் பொருந்தவில்லை. இது நெசவைவிட நூலாக்கத்துக்கே அண்மையானது. வார்ணர் நிறுவனம் பாடகரிடத்திற் கண்ட உண்மையை நிரலாளரிடத்திற் காணத் தவறியது.

அதே காலத்தில் அட்டாரியிலே பணிபுரிந்த வொறன் றொபினெற் என்பவர் வேறொரு வழியை மேற்கொண்டார். அவர் ஆக்கிய 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டினுள் எவரும் அறியாத மறைவறையொன்றை அமைத்தார். கண்ணுக்குப் புலப்படாத சிறு புள்ளியொன்றைத் தேடி எடுத்துச் செல்பவருக்கே அவ்வறை திறக்கும். அங்கே, இதனை ஆக்கியவர் றொபினெற் என்னும் எழுத்துகள் திரையிலே ஒளிரும். மேலாளர் எவருக்கும் அவர் இதனைச் சொல்லாது 1979ஆம் ஆண்டிலே பதவி விலகினார். 1980ஆம் ஆண்டிலே விளையாட்டு வெளிவந்த பின்னர், அதனை ஆடிய சிறுவனொருவன் எழுதிய கடிதத்தாலேயே கம்பெனி உண்மையை அறிந்தது. பேழைகளை மாற்றி அமைக்கும் செலவு பெரிதாகையால் அப்பெயர் அங்கேயே விடப்பட்டது. சிற்பி தன் பெயரைத் தூணின் மறைவிலே பொறித்ததை ஒத்த செயல் இது.

நால்வரோ மறைவறையை நாடவில்லை. அட்டாரியை விட்டு வெளியேறினர். இசைத்தட்டுத் தொழிலில் அனுபவமுடைய ஜிம் லெவி என்பவரின் தலைமையில், 1979ஆம் ஆண்டு ஒக்டோபரிலே 'அக்டிவிஷன்' என்னும் நிறுவனம் எழுந்தது. சொந்தமாக இயந்திரம் எதனையும் செய்யாது, பிறரது இயந்திரத்துக்கு விளையாட்டை மட்டும் ஆக்கி வெளியிட்ட முதல் நிறுவனம் இதுவே. 1980ஆம் ஆண்டிலே அதன் முதற் பேழைகள் கடைக்கு வந்தன. மேலட்டையிலே ஆக்கியோன் பெயர் இருந்தது. உள்ளே வைத்த குறுநூலில் அவரது புகைப்படமும், ஆடுவோருக்கு அவர் கூறும் அறிவுரையும் இடம்பெற்றன.

அட்டாரி 1980ஆம் ஆண்டிலேயே வழக்குத் தொடுத்தது. தன் தொழில் இரகசியங்களைக் களவாடிச் சென்றனர் என்பது குற்றச்சாட்டு. 1982ஆம் ஆண்டிலே வழக்கு இணக்கத்தில் முடிந்தது. அட்டாரிக்கு உரிமைக் கட்டணம் செலுத்த அக்டிவிஷன் உடன்பட்டது. ஒருவர் செய்த இயந்திரத்துக்கு மற்றொருவர் விளையாட்டு வெளியிடலாம் என்பது இதனால் நிலைபெற்றது. அவ்வாண்டிலே கிரேன் ஆக்கிய 'பிற்ஃபோல்' நான்கு மில்லியன் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. அந்த இலாபம் முன்னர் அட்டாரிக்குச் சென்றிருக்கவேண்டியது.

அட்டாரியில் எஞ்சியோர் நிலை எவ்வாறிருந்தது? 'மிஸைல் கொமாண்ட்' என்னும் விளையாட்டை வீட்டு இயந்திரத்துக்கு ஆக்கிய றொப் ஃபுலொப் என்பவர், பெருவிற்பனைக்குப் பரிசாகத் தமக்குக் கிடைத்தது நத்தார்க் காலத்து வான்கோழியொன்றை இலவசமாகப் பெறுதற்கான சீட்டே எனப் பின்னர் கூறினார். அவரும் 1981ஆம் ஆண்டிலே வெளியேறி, 'இமாஜிக்' என்னும் நிறுவனத்தைத் தோழருடன் தொடங்கினார்.

இவ்வெற்றியின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. கதவு திறந்ததும் தகுதியுடையோர் மட்டும் உள்ளே வரவில்லை. விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத பல கம்பெனிகள் பேழைகளை அவசர அவசரமாக ஆக்கிச் சந்தையிற் குவித்தன. 1983ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சந்தை சரியத் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று பில்லியன் டொலராக இருந்த வீட்டு விளையாட்டு வணிகம் இரண்டே ஆண்டுகளில் 100 மில்லியன் அளவுக்கு வீழ்ந்தது. பின்னர் வந்த ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம், தன் அனுமதி பெறாத பேழையை ஏற்காத பூட்டொன்றைத் தன் இயந்திரத்தினுள்ளே அமைத்தமை இவ்வீழ்ச்சி தந்த பாடமேயாகும்.

அக்டிவிஷனும் தளர்ந்தது. கப்லன் 1982ஆம் ஆண்டிலும், மில்லரும் வைற்ஹெட்டும் 1984ஆம் ஆண்டிலும் விலகினர். பின்னர்க் கிரேனும் விலகினார். 1991ஆம் ஆண்டிலே பொபி கொட்டிக் என்பாரும் அவரைச் சேர்ந்த முதலீட்டாளரும் நலிந்திருந்த நிறுவனத்தின் ஆட்சியைக் கைக்கொண்டு, மீண்டும் அதனை நிமிர்த்தினர். பெயர் பழைய பெயரே. வீட்டின் உடைமையாளர் புதியோர்.

தொழிலின் இயல்பும் இதற்கிடையே மாறிற்று. ஒருவர் தனித்திருந்து ஆக்கிய காலம் போய், பலர் ஒருங்கிருந்து ஈராண்டு மூவாண்டு உழைக்கும் காலம் வந்தது. அத்தகைய குழுவை ஆக்கக்கூடம் எனலாம். ஆக்கக்கூடத்துக்கு வேண்டிய பெரும்பணத்தை வெளியீட்டு நிறுவனம் கொடுக்கும். விளையாட்டின் பெயரும் உரிமையும் பெரும்பாலும் அந்நிறுவனத்துக்கே உரியனவாகும்.

2002ஆம் ஆண்டிலே எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் வெளியீட்டு நிறுவனத்துக்காக, ஒக்லஹோமா மாநிலத்து ஆக்கக்கூடமொன்று, இரண்டாம் உலகப்போரைப் பொருளாகக் கொண்ட விளையாட்டொன்றை ஆக்கிப் புகழ்பெற்றது. அதன் ஆக்குநருள் 22 பேர் பிரிந்து, 'இன்ஃபினிற்றி வோட்' என்னும் புதிய கூடத்தை நிறுவினர். வின்ஸ் ஸம்பெல்லா, ஜேசன் வெஸ்ற், கிராண்ட் கொலியர் என்போர் அதன் தலைவர்கள். முதலுதவியது அக்டிவிஷன். 2003ஆம் ஆண்டிலே அவர்களுடைய 'கோல் ஒஃப் டியூட்டி' வெளிவந்து பெருவெற்றி அடைந்ததும் அக்டிவிஷன் அக்கூடத்தை முழுமையாக வாங்கிக்கொண்டது.

2007ஆம் ஆண்டிலே அத்தொடரில் வெளிவந்த 'மொடேண் வோஃபெயார்' என்னும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. அடுத்ததை ஆக்குமுன்னர் வெஸ்ற், ஸம்பெல்லா இருவரும் உறுதி வேண்டினர். 2008ஆம் ஆண்டு மார்ச்சிலே ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. மொடேண் வோஃபெயார் என்னும் பெயரில் வரும் எந்த விளையாட்டிலும் ஆக்கத்துறையின் இறுதி முடிவு அவர்களுடையதே என்பது அதன் முக்கிய வாசகம். 2009ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி இரண்டாம் மொடேண் வோஃபெயார் வெளியாயிற்று. முதல் ஐந்து நாள்களில் 550 மில்லியன் டொலர் விற்பனையெனக் கம்பெனி அறிவித்தது.

நான்கு மாதங்கூடக் கழியவில்லை. 2010ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் திகதி இருவரும் பதவி நீக்கப்பட்டனர். ஒப்பந்தத்தை மீறினர், மேலிடத்துக்குக் கீழ்ப்படியாது நடந்தனர் என்பன கம்பெனி கூறிய காரணங்கள். இருவரும் சில நாள்களுள்ளேயே லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தமக்குச் சேரவேண்டிய உரிமைத்தொகை கொடுபடுவதற்குச் சில வாரங்களே இருக்கையில், அதனைத் தவிர்க்கும்பொருட்டே தாம் நீக்கப்பட்டதாக அவர்கள் முறையிட்டனர். கேட்ட தொகை 36 மில்லியன் டொலருக்குக் குறையாதது. அக்டிவிஷன் எதிர்வழக்குத் தொடுத்தது. பதவியிலிருந்துகொண்டே இருவரும் போட்டி நிறுவனமாகிய எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் தலைவரை இரகசியமாகச் சந்தித்தனர், தனி விமானத்திலே சென்று பேசினர் என்று கூறி, அந்நிறுவனத்தையும் வழக்கிற் சேர்த்து 400 மில்லியன் டொலர் கோரிற்று. இருவர்மீதும் குற்றம் காணும்பொருட்டு அவர்களுடைய கணினிகளையும் அஞ்சல்களையும் ஆராயுமாறு 2009ஆம் ஆண்டிலேயே தமக்குப் பணிக்கப்பட்டதென, கம்பெனியில் முன்னர் பணிபுரிந்த அதிகாரி ஒருவர் அளித்த சாட்சியமும் வழக்கேடுகளில் வெளிவந்தது.

தலைவர் இருவரின் பூசலாக மட்டும் இது நின்றிருப்பின் பெரிதாகக் கருதவேண்டியதில்லை. ஆயின் கூடத்திலே இரவு பகலாக உழைத்த சித்திரக்காரரும் நிரலாளரும் தமக்குரிய போனஸை எதிர்பார்த்திருந்தனர். அவர்களுள் 38 பேர் 2010ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தனியாக வழக்குத் தொடுத்தனர். தம்மை அடுத்த விளையாட்டு முடியும்வரை கட்டிவைக்கும் பொருட்டே கொடுக்கவேண்டிய பணம் நிறுத்திவைக்கப்பட்டது என்பது அவர்களின் முறையீடு. பலர் வேலையை விட்டு, வெஸ்ற்றும் ஸம்பெல்லாவும் தொடங்கிய 'றெஸ்போன்' என்னும் புதிய கூடத்திற் சேர்ந்தனர். அதற்குத் துணைநின்ற வெளியீட்டாளர், அவர்கள் முன்னொருகால் பிரிந்து வந்த அதே எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனமே.

2012ஆம் ஆண்டு மே மாதத்திலே, விசாரணை தொடங்குந் தறுவாயில், அக்டிவிஷன் இவ்வூழியர் குழுவினருக்கு 42 மில்லியன் டொலர் செலுத்தியது. மாத முடிவிலே தலைவர் இருவருடனும் இணக்கம் ஏற்பட்டது. அதன் நிபந்தனைகள் வெளியிடப்படவில்லை. ஆதலின் இரு திறத்தாரும் ஒருவர்மீது ஒருவர் சுமத்திய குற்றங்கள் சான்றாயர் முன்னிலையில் ஆராயப்படாமலே போயின. யார் சொன்னது மெய் என நீதிமன்றம் தீர்ப்புரைக்கவில்லை.

இரு வரலாறுகளையும் அருகருகே வைக்குமிடத்துப் புலனாவது ஒன்றுண்டு. 1979ஆம் ஆண்டிலே நால்வரும் வெளியேறியபோது தம் ஆற்றல் முழுவதையும் தம்முடனேயே கொண்டுசென்றனர். அட்டாரியிடம் எஞ்சியது இயந்திரம். அவ்வியந்திரத்துக்கும் அவர்களே விளையாட்டு ஆக்கினர். 2010ஆம் ஆண்டிலே வெளியேறியவர்கள் ஆற்றலைக் கொண்டுசென்றனர். பெயரைக் கொண்டுசெல்ல இயலவில்லை. 2011ஆம் ஆண்டிலே மூன்றாம் மொடேண் வோஃபெயார், எஞ்சியோரும் வேறு கூடத்தாரும் சேர்ந்து ஆக்க, வெளிவந்தது. முதல் ஐந்து நாள்களில் முன்னையதினும் மிகுதியாக, 775 மில்லியன் டொலருக்கு விற்பனையாயிற்று. அதனை வாங்கியோர் ஆக்கியோன் யார் எனக் கேட்கவில்லை. தொடரின் பெயரையே கேட்டனர். பிரிந்துசென்றோரின் முதல் விளையாட்டு புதியதொரு பெயருடன் வெளிவர 2014ஆம் ஆண்டாயிற்று. 2017ஆம் ஆண்டிலே அவர்களுடைய கூடமும் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் உடைமையாயிற்று. 2023ஆம் ஆண்டிலே மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அக்டிவிஷனை உள்ளடக்கிய பெருநிறுவனத்தை ஏறத்தாழ 69 பில்லியன் டொலருக்கு வாங்கிற்று.

நால்வரும் கேட்ட இரண்டனுள் முதலாவது இன்று பெரும்பாலும் கிடைத்துவிட்டது. விளையாட்டு முடிந்ததும் ஆக்கியோர் பெயர்கள் திரையிலே நீண்ட நிரையாக ஓடுகின்றன. இரண்டாவது இன்றும் ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கப்படவேண்டியதாகவே உள்ளது. தெளிவான உடன்படிக்கை எழுதப்பட்டிருந்தும் 2010ஆம் ஆண்டிலே பூசல் மூண்டது. ஏனெனில், ஆக்கத்தின்மீது உரிமை கொடுத்த அதே கை, ஆக்குவோனைப் பணியிலிருந்து நீக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்திருந்தது. பணியில்லாதவனுக்கு அவ்வுரிமையாற் பயனில்லை. ஆக்குவோர் எந்நாட்டவராயினும், எக்கலையினராயினும், ஒப்பமிடுமுன்னர் கேட்டறியவேண்டியது இதுவே: நாளை இவ்வீட்டை விட்டு வெளியேற நேரின், ஆக்கியதில் எது எம்முடன் வரும்?